எட்டாவது போல்ட்

ராக்னா: ஆஃப் பண்ணாத, ஆஃப் பண்ணாத! ஓடட்டும்... ம்... இதோ. கேக்குதா?

எஸ்கில்: கேக்குது, கேக்குது.

ராக்னா: டிக் டிக் டிக்னு... தையல் மெஷின் மாதிரி.

எஸ்கில்: அதேதான். அஞ்சு மாசமா என் உயிரை வாங்கற சத்தம்.

ராக்னா: எந்தப் பக்கத்துலேருந்து வருது?

எஸ்கில்: என்ன?

ராக்னா: எந்தப் பக்கம்னேன்!

எஸ்கில்: வலது பக்கம்தான். அதுல சந்தேகமே இல்ல.

ராக்னா: வலதா?

எஸ்கில்: வலது... இடதா?... ரெண்டு பக்கமும்னு வெச்சுக்கோயேன்.

ராக்னா: வெச்சுக்கோயேனா? சந்தையில பேரம் பேசறியா? சரி, ஆஃப் பண்ணு. ஆஃப்! எஸ்கில்! சாவியத் திருப்புடா!

எஸ்கில்: கத்தாத தாயே! பக்கத்து வீட்டு மாடெல்லாம் மிரண்டுடும்.

ராக்னா: உன் வண்டிக்கு மிரளாத மாடா என் குரலுக்கு மிரளப்போகுது? சத்தம் இடது பக்கம். ஸ்டியரிங் கம்பி இறங்குது பாரு, அதுக்குப் பின்னாடி.

எஸ்கில்: அட, பாம்புச் செவி உனக்கு! எப்பலேருந்து? போன கோடையில கடைத்தெருவுல நான் கூப்பிடக் கூப்பிட, திரும்பிக்கூடப் பாக்காமப் போனியே.

ராக்னா: ஏதோ யோசனைல இருந்திருப்பேன். விளக்கைப் பிடி.

எஸ்கில்: முதல்ல அந்தத் தொப்பியக் கழட்டு. ஜூன் மாசத்துல கம்பளித் தொப்பி போட்டுட்டு வந்து நிக்கற ஆள் இந்த டாலர்னா மாகாணத்துலயே நீ ஒருத்திதான்.

ராக்னா: என் தலை, என் தொப்பி. நீ விளக்கைப் பிடிக்கறியா, நான் பஸ் ஓட்டப் போகட்டுமா?

எஸ்கில்: பிடிச்சுட்டேன் பிடிச்சுட்டேன். லீவு போட்டுட்டு வந்திருக்கறவளைக் கோபப்படுத்தலாமா...

ராக்னா: ஐயோ... எஸ்கில்! என்ன இது, சிவப்பா?

எஸ்கில்: சூடு தாங்கற பசை. கேஸ்கட்டுக்கு ரெண்டு பக்கமும் போட்டேன். ஒரு ட்யூப் முழுசா.

ராக்னா: லிங்கான் பழ ஜாம் தடவின ரொட்டி மாதிரி வழியுது! கேஸ்கட்டுக்கு எதுக்குடா பசை? அது தானே நசுங்கி அடைச்சுக்கும். பசை போட்டா வழுக்கிட்டு வெளிய வந்துடும்.

எஸ்கில்: புகை லீக் நிக்கலையே, என்ன பண்ணச் சொல்ற? அந்த ஹெடர் குழாயே கோணல்னு நினைக்கறேன். குழாய் வளைச்சவன் சரியா வளைக்கல.

ராக்னா: ஆமாமா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நல்லா ஓடிட்டிருந்த வண்டி. கம்பெனியில போட்டது கனமான வார்ப்பிரும்பு. அதைக் கழட்டி எறிஞ்சுட்டு இந்த மெல்லிசுக் குழாயெல்லாம் மாட்டச் சொல்லி உன்கிட்ட யார் அழுதா?

எஸ்கில்: எட்டு சிலிண்டர் வண்டிக்கு மூச்சு விட வழி வேண்டாமா? புகை தடையில்லாமப் போனாத்தான் இழுவை கூடும். அதுவும் போக... அந்த உறுமல் இருக்கே, அது நெஞ்சுல வந்து தட்டும் ராக்னா. அதை மட்டும் நல்லா...

ராக்னா: அதை மட்டும் நல்லா?

எஸ்கில்: நல்லா ரசிக்கலாம்னேன்.

ராக்னா: ஓ.

எஸ்கில்: என்ன ஓ?

ராக்னா: ஒண்ணுமில்ல. இத்தனை நாளா லீக்கை எப்படித் தேடின?

எஸ்கில்: தூசி உறிஞ்சற மெஷினைத் திருப்பி மாட்டி, பின்னாடி புகைக்குழாய் வழியா காத்தை உள்ள ஊதினேன். முன்னாடி சோப்புத் தண்ணி அடிச்சேன். நுரை வந்த இடமெல்லாம் லீக்.

ராக்னா: அதுக்கு எதுக்கு அத்தனை பாடு? வண்டிய ஸ்டார்ட் பண்ணி, காதைக் கிட்ட வெச்சுக் கேட்டா போச்சு.

எஸ்கில்: கண்ணால பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை.

ராக்னா: பிடில்காரன் பேசற பேச்சா இது? சரி விடு. அந்த ரப்பர் ஹோஸைக் குடு. ஒரு முனையைக் காதுல வெச்சுட்டு மறு முனையால துழாவினா எந்த போல்ட்னே சொல்லிடலாம். ஸ்டார்ட் பண்ணு... ம்... முதல் குழாய் நல்லா இருக்கு... ரெண்டாவதும்... அய்யோ!

எஸ்கில்: என்னாச்சு? சுட்டுடுச்சா?

ராக்னா: ஆ... ஆமா. சுட்டுடுச்சு.

எஸ்கில்: இப்பத்தானே ஸ்டார்ட் பண்ணினேன், அதுக்குள்ள எப்படி...

ராக்னா: சுட்டுடுச்சுன்னா சுட்டுடுச்சு! ஹோஸெல்லாம் வேண்டாம், இப்படியே கேக்கறேன். ஆங்... கடைசிக் குழாய். ஆஃப் பண்ணு. பின்னாடி போல்ட்டுதான், நான் நினைச்ச மாதிரியே. துடைக்கத் துணி இருக்கா?

எஸ்கில்: பின் சீட்ல கிடக்கும் பாரு... இரு இரு! நானே எடுக்கறேன்!

ராக்னா: ஏன், நான் எடுத்தா என்ன... எஸ்கில். இது என்ன பெட்டி?

எஸ்கில்: எது?

ராக்னா: எதுவா? முப்பது வருஷம் என் பக்கத்து நாற்காலியில இருந்த பெட்டி எனக்குத் தெரியாதா? உன் பிடில் பெட்டிக்கு எதுக்குக் கயிறு? மேல விலாசம் வேற... ஊமியோ நகரத்துக்கு, உன் தங்கச்சி மக பேர் போட்டு.

எஸ்கில்: சும்மாதானே கிடக்கு. சின்னப் பொண்ணு, ஆசையா வாசிப்பா. நாளைக்குத் தபால்ல போட்டுடலாம்னு.

ராக்னா: நாளைக்கா? நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை. நடுக்கோடைத் திருநாள்!

எஸ்கில்: காலண்டர் எங்க வீட்லயும் இருக்கு.

ராக்னா: நீ என்ன வாக்குக் குடுத்த? ஜனவரியிலேருந்து செவ்வாய்க்கிழமை தவறாம ஒத்திகைக்குக் கூப்பிடறோம். இந்த டிக் டிக் நிக்கற வரைக்கும் பிடிலைத் தொடமாட்டேன்னு சபதம் போட்ட. நின்னுடுச்சுன்னா திருநாள் கம்பம் ஏத்தற அன்னிக்கு வந்து வாசிப்பேன்ன. சொன்னியா இல்லியா?

எஸ்கில்: சொன்னேன். நிக்கலையே!

ராக்னா: நிக்கறதுக்குள்ள பிடிலை ஊருக்கு அனுப்பிட்டா எதை வெச்சு வாசிப்ப? ஸ்பேனரையா?

எஸ்கில்: கோபப்படாத.

ராக்னா: கோபமில்லடா... பயம். உன் நாற்காலி காலியா கிடக்கு. குழுவை நடத்தற ஹால்வர் அதுல தன் கோட்டை மாட்டி வைக்கறான். செவ்வாய்க்கிழமை தவறாம நான் ஒரு கோட்டுக்குப் பக்கத்துல உக்காந்து வாசிக்கறேன், தெரியுமா?

எஸ்கில்: கோட்டு தாளம் தப்பாது. அந்த வரைக்கும் லாபம்தான்.

ராக்னா: வாயைப் பாரு! வா, இந்த போல்ட்டைப் பாக்கலாம்... டேய்! இது கையாலயே சுத்துதே!

எஸ்கில்: எட்டாவது போல்ட்டு. அங்க ஸ்பேனர் நுழையல. ஸ்டியரிங் கம்பி மறிக்குது. மத்த ஏழும் கல்லு மாதிரி முறுக்கி வெச்சேன்.

ராக்னா: ஏழு பேர் இழுத்து ஒருத்தன் விட்டா கம்பம் நிக்குமா? இந்தா, இதைப் பாரு.

எஸ்கில்: என்ன இது, நோஞ்சான் ஸ்பேனர்?

ராக்னா: பஸ் டெப்போவுல தேய்ச்சு மெல்லிசாக்கி, தலையையும் சூடு பண்ணி வளைச்சுட்டு வந்தேன். கம்பிக்கும் குழாய்க்கும் நடுவுல நுழையும். அதுக்கு முன்னாடி எல்லா போல்ட்டையும் கழட்டி இந்த ஜாமெல்லாம் சுரண்டு. புது கேஸ்கட் ஒண்ணு கொண்டு வந்திருக்கேன்.

எஸ்கில்: வளைச்சுட்டு வந்தியா? அப்போ எந்த போல்ட்னு முன்னாடியே தெரியுமா?

ராக்னா: இந்த மாதிரி இன்ஜின்ல அது ஒண்ணுதான் எல்லாரும் முறுக்க முடியாமக் கைவிடற இடம். பேச்சைக் குறைச்சுட்டு சுரண்டு.

எஸ்கில்: சுரண்டறேன்... சுரண்டறேன்... போதுமா?

ராக்னா: அந்த மூலையில இன்னும் இருக்கு... ம், இப்ப வழவழன்னு இருக்கு. கேஸ்கட்டை வை. பசையைத் தூக்கி அந்தப் பக்கம் போடு. போல்ட்டெல்லாம் கையாலயே முதல்ல நிறுத்து. இப்ப நடுவுலேருந்து முறுக்கு. ஓரத்துலேருந்து ஆரம்பிக்காத! நடு, அப்புறம் அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு.

எஸ்கில்: போன தடவை ஓரத்துலேருந்துதான் வந்தேன்.

ராக்னா: பாத்தாலே தெரியுது. அதுக்கப்புறம் எத்தனை தடவை முறுக்கின?

எஸ்கில்: எத்தனை தடவையா? ஒரே தடவை. உயிரைக் குடுத்து.

ராக்னா: புதுத் தந்தி மாட்டினா ஒரு தடவை முறுக்கிட்டு மேடைக்குப் போயிடுவியா?

எஸ்கில்: அதெப்படி? வாசிக்க வாசிக்க இழுத்துக் குடுக்குமே. திரும்பத் திரும்ப சுருதி சேக்கணும்... ஓ!

ராக்னா: ஆங்! கேஸ்கட்டும் அப்படித்தான். சூடாகி, ஆறி, நசுங்கிக் குடுக்கும். ஆறினதும் திரும்ப முறுக்கணும். பிடில்காரனுக்கு இது தெரியாமப் போச்சே, சீ!

எஸ்கில்: சரி சரி, மானத்தை வாங்காத. நகரு, எட்டாவதை நான் போடறேன்... நுழையுது! ராக்னா, நுழையுதுடி! உன் நோஞ்சான் நுழையுது!

ராக்னா: அளவா முறுக்கு... போதும்... போதும்னேன்! போல்ட் உடைஞ்சுடும்! எஸ்கில்!

எஸ்கில்: ஹா? சொன்னியா?

ராக்னா: மூணு தடவை சொன்னேன்.

எஸ்கில்: இன்ஜினுக்குள்ள தலைய விட்டிருந்தேன்ல...

ராக்னா: ம். ஸ்டார்ட் பண்ணி நல்லா சூடாகட்டும். அப்புறம் ஆறட்டும். காப்பி போட்டியா?

எஸ்கில்: இல்லாமலா? ஏலக்காய் பன்னும் இருக்கு. வெளிய உக்காரலாம் வா.

ராக்னா: ...ஆ, வெயில் சுகமா இருக்கு. ஏரி பளபளங்குது பாரு. எங்க வீட்டுக்குப் பின்னாடி பிர்ச் கிளையெல்லாம் வெட்டிக் குவிச்சாச்சு. நாளைக்குக் கம்பத்துக்கு இலை கட்டணும். பூவுக்குப் பிள்ளைங்களை அனுப்பணும். ஹெர்ரிங் மீன் ஊற வெச்சுட்டேன், உனக்கும் சேத்து.

எஸ்கில்: எனக்கெதுக்கு? நான் வெள்ளிக்கிழமை வீட்லயே...

ராக்னா: தின்னவாவது வருவேல்ல? அதோ பாரு, கொட்டகைக் கூரைக்குக் கீழ தகைவிலான் குருவி கூடு கட்டியிருக்கு. என்ன கூச்சல் போடுது!

எஸ்கில்: ஆமா... என்ன கூச்சல்.

ராக்னா: இன்னொரு பன் குடு. நீ சுட்டதா?

எஸ்கில்: கடையில வாங்கினேன்னு சொன்னா நம்புவியா?

ராக்னா: அடி கருகியிருக்கே, கடைக்காரன் விப்பானா? அடுப்புல மணி அடிச்சிருக்குமே, எடுக்காம என்ன பண்ணின?

எஸ்கில்: அந்த மணி... ரிப்பேரு.

ராக்னா: எதுதான் ரிப்பேர் இல்ல உன் வீட்ல? குடிச்சாச்சா? போய் குழாயைத் தொட்டுப் பாரு.

எஸ்கில்: ஆறிடுச்சு. கை வைக்கலாம்.

ராக்னா: திரும்ப முறுக்கு. நடுவுலேருந்து... பாத்தியா, எவ்வளவு குடுக்குது?

எஸ்கில்: அரைச் சுத்து போகுதே! ஆச்சரியமா இருக்கு... இதுவும்... இதுவும்.

ராக்னா: எட்டாவது?

எஸ்கில்: எட்டாவதும். ஆச்சு.

ராக்னா: இப்பத்தான் பரீட்சை. லீக் இருந்தா, ஆறின இன்ஜின்லதான் நல்லாக் கத்தும். ஸ்டார்ட் பண்ணு... ம்... ஓடட்டும்... நீயும் கிட்ட வா. காதை வை. என்ன கேக்குது?

எஸ்கில்: ம்...

ராக்னா: சொல்லு.

எஸ்கில்: கேக்குது ராக்னா. இன்னும் இருக்கு. ப்ச்... என்ன பண்றது, நம்ம நேரம்.

ராக்னா: இன்னும் இருக்கா?

எஸ்கில்: முன்ன மாதிரியே. டிக் டிக் டிக்னு. கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்குன்னு சொல்லலாம். பாவம், நீ இவ்வளவு பாடுபட்டு... வெள்ளிக்கிழமைக்குள்ள இது ஆகாது. அடுத்த வருஷம் பாக்கலாம்.

ராக்னா: எந்தப் பக்கம்?

எஸ்கில்: இடது. ஸ்டியரிங் பக்கம். நீ சொன்ன அதே இடம்.

ராக்னா: எஸ்கில்... வண்டிய ஆஃப் பண்ணு.

எஸ்கில்: ஏன்?

ராக்னா: ஆஃப் பண்ணிட்டு என் முகத்தைப் பாரு. டிக் இல்லடா. ஸ்டார்ட் பண்ணின நிமிஷத்துலேருந்து இல்ல. பட்டு மாதிரி ஓடுது. இல்லாத சத்தம் உனக்குக் கேக்குது. இருந்த சத்தம் கேக்கல. அப்படித்தானே?

எஸ்கில்: யார் காதுல பூ சுத்தற? எனக்கு நல்லா...

ராக்னா: முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோத்துல மறைப்ப? குருவி கத்துதுன்னேனே, அங்க குருவியே இல்ல. கூடு காலியா கிடக்கு. நீ ஆமான்ன.

எஸ்கில்: நீ ஒரு ராட்சசி.

ராக்னா: ஆமா, ராட்சசிதான். சொல்லு.

எஸ்கில்: என்னத்தைச் சொல்ல... ரெண்டு வருஷமாவே தேய்ஞ்சுட்டு வருது. முதல்ல குருவி போச்சு. அப்புறம் அடுப்பு மணி. அதெல்லாம் போனாப் போகட்டும்னு இருந்தேன். பிடில்ல மேல் தந்தி இருக்கே... அதுல உசந்த ஸ்வரமெல்லாம் வெறும் உரசலாத்தான் கேக்குது ராக்னா. கட்டையில வில்லை இழுக்கற மாதிரி. சுருதி சேந்துச்சா இல்லையான்னே தெரியல. இந்த வண்டி உறுமல் மட்டும்தான் முழுசா கேக்குது. அதனாலதான் ஹெடரெல்லாம் வாங்கி மாட்டினேன். ஏதாவது ஒண்ணாவது நல்லாக் கேக்கட்டுமேன்னு. டிக்குங்கறதே மத்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ராக்னா: அதை வெச்சே சாக்கும் பண்ணிக்கிட்ட.

எஸ்கில்: நல்ல சாக்கு. நிக்கவே நிக்காத சத்தம். யாரும் மறு கேள்வி கேக்க மாட்டாங்க. நீ ஸ்பேனரைத் தேய்ச்சுட்டு வருவேன்னு யாரு கண்டா?

ராக்னா: என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.

எஸ்கில்: உன்கிட்டதான் சொல்ல முடியல. அந்த ஜனவரி... கிறிஸ்துமஸ் முடிஞ்சு மரத்தைத் தூக்கி வெளிய எறியற விழா அன்னிக்கு, பிள்ளைங்க மரத்தைச் சுத்தி ஆடினாங்களே. நான் கண்ணை மூடிட்டு வாசிச்சுட்டிருந்தேன். ரெண்டாவது சுத்துலயே ஹால்வர் 'கடைசி'ன்னு சொல்லியிருக்கான். எல்லாரும் வில்லை இறக்கிட்டாங்க. நான் பாட்டுக்கு மூணாவது சுத்து. கண்ணைத் தெறந்தா, நீ மட்டும் என்கூட வாசிச்சுட்டிருக்க.

ராக்னா: ஞாபகமிருக்கு. ஜனங்க கை தட்டினாங்க. நாம வேணும்னே ஜோடியா வாசிச்சோம்னு நினைச்சாங்க.

எஸ்கில்: அவங்க நினைச்சாங்க. எனக்குத் தெரியாதா? இவன் மானம் போகக்கூடாதேன்னு நீ கூட வாசிச்ச. அந்த இரக்கம்தான்... அதைத்தான் தாங்க முடியல. திட்டியிருந்தா அடுத்த செவ்வாயே வந்திருப்பேன். வீட்டுக்கு வந்து பெட்டிய மூடினவன்தான்.

ராக்னா: இரக்கமா? எனக்கா? உன் மேலயா?

எஸ்கில்: பின்ன? பாம்புச் செவிக்காரி. ஹால்வர் சொன்னது உனக்கா கேட்டிருக்காது?

ராக்னா: ...என் தொப்பிய எடு.

எஸ்கில்: என்ன?

ராக்னா: என் கையெல்லாம் கிரீஸு. நீயே எடு. எடுத்துட்டு முடிய ஒதுக்கு. காதுக்குப் பின்னாடி.

எஸ்கில்: எதுக்கு இப்ப... ராக்னா! இது... காது மெஷின்! ரெண்டு காதுலயுமா? எப்பலேருந்து?

ராக்னா: மார்ச்சுலேருந்து. ஃபாலூன் ஆஸ்பத்திரிக்குப் போய் மாட்டிட்டு வந்தேன். ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது, அதுக்குத்தான் தொப்பி. ஹோஸை வெச்சதும் கீச்சுனு கத்தினது இதுதான், சூடும் இல்ல ஒண்ணும் இல்ல. இதை மாட்டினதுக்கப்புறம்தான் நீ எதுக்கு வரமாட்டேங்கறேன்னே எனக்குப் புரிஞ்சுது. ஜனவரில ஏதுடா இதெல்லாம்? ஹால்வர் 'கடைசி'ன்னது எனக்கும் கேக்கல. உன் வில்லு நிக்கல, அதைப் பாத்துட்டு நானும் நிறுத்தல, அவ்வளவுதான். ஒரு வருஷமா நான் உன் வில்லைப் பாத்துத்தான் வாசிச்சுட்டிருந்தேன், மடையா. பெட்டிக் கயிறை அவுரு. திங்கட்கிழமை நானே உன்னை ஃபாலூனுக்குக் கூட்டிட்டுப் போறேன், வெள்ளிக்கிழமைக்கு என் காது ரெண்டு பேருக்கும் போதும்... ஹால்வர் 'கடைசி'ன்னதும் உன் காலை மிதிக்கறேன், நல்ல தடி பூட்ஸா போட்டுட்டு வா.